கிப்லாவும் காம்பஸும்: திசை எண்களைப் படிக்கும் முறை

தொழுகை நிறைவேறுவதற்குரிய நிபந்தனைகளுள் கிப்லாவை முன்னோக்குவதும் ஒன்று என்பதை நாமனைவரும் அறிவோம். எங்கிருந்தாலும் மஸ்ஜிதுல் ஹராமின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாறு அல்லாஹுத்தஆலா சூரத்துல் பகராவின் 144ஆம் வசனத்தில் கட்டளையிட்டிருக்கிறான். ஹிஜ்ரத்துக்குப் பிறகு 16 அல்லது 17 மாதங்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதுவந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்தக் கட்டளை வந்ததும் கஅபாவின் பக்கம் திரும்பினார்கள். குபாப் பள்ளியில் ஸுப்ஹுத் தொழுகையில் நின்றிருந்தவர்கள் செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில், தொழுகையில் இருந்தபடியே வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பிக்கொண்டார்கள். நம் முன்னோர்கள் திசை விஷயத்தில் காட்டிய கவனம் அத்தகையது.

இன்று நம் வீடுகளில் இந்தக் கவனம் எப்படி இருக்கிறது? வாடகை வீட்டுக்குக் குடிபோனால் பக்கத்துப் பள்ளிவாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு முஸல்லாவை விரிக்கிறோம். ஹஜ்ஜுக்குப் போய்வந்த மாமா கொண்டுவந்த கிப்லாக் காம்பஸ் ஒரு பக்கம் காட்டுகிறது. மகனின் கைப்பேசி இன்னொரு பக்கம் காட்டுகிறது. சர்வேயர் எழுதிக் கொடுத்த சீட்டில் மூன்றாவதாக ஓர் எண் இருக்கிறது. இதில் எது சரி என்ற சர்ச்சை சில மஹல்லாக்களில் ஜமாஅத்தையே இரண்டாகப் பிளந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று எண்களும் பல சமயம் ஒரே திசையைத்தான் சொல்கின்றன. சொல்லும் பாஷைதான் வேறு. அந்தப் பாஷைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது எப்படி என்பதே இம்மாதப் பாடம்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். கஅபாவைக் கண்ணால் காண்பவர் அதையே நேராக முன்னோக்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. தொலைவில் இருப்பவர் அதன் திசையை முன்னோக்கினால் போதும் என்பது ஹனபி மத்ஹபு. இரு பக்கமும் 45 டிகிரிக்கு உட்பட்ட விலகல் தொழுகையைக் கெடுக்காது என்று அதன் ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஷாபிஈ மத்ஹபிலோ, தொலைவில் இருப்பவரும் தம் மேலான எண்ணத்தின் அளவில் கஅபாவையே நெஞ்சால் முன்னோக்க வேண்டும் என்பது வலுவான சொல். நம் கடற்கரை ஊர்களில் ஷாபிஈகளும் உள்நாட்டில் ஹனபிகளும் மிகுதி. பல ஊர்களில் இருவரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். ஆகவே சரியான திசையைத் தெரிந்துகொள்வதில் இருவருக்கும் அக்கறை உண்டு. முதலாமவருக்குச் சிறப்புக்காக, இரண்டாமவருக்குக் கடமைக்காக.

ஸம்த் என்னும் சொல்

கப்பற்காரரும் நிலஅளவைக்காரரும் 'அஜிமத்' என்று ஒரு சொல்லை வழங்குகிறார்கள். ஐரோப்பியச் சொல் போல ஒலிக்கும் இது நம் அரபிச் சொல்லேதான். 'ஸம்த்' என்றால் திசை, வழி. அதன் பன்மையான 'அஸ்ஸுமூத்' என்பதே மேல்நாட்டார் நாவில் அஜிமத் ஆயிற்று. நம் ஃபிக்ஹு நூல்களிலும் வானநூல்களிலும் 'ஸம்துல் கிப்லா' என்று வருவதும் இதுதான். அல்பீரூனி அவர்கள் 1025ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஒரு பெருநூலின் நோக்கமே கஸ்னா நகரின் கிப்லாவைக் கணித்து நிறுவுவதாகும். 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்க் உமவீப் பள்ளிவாசலில் நேரம் கணிப்பவராயிருந்த அல்கலீலி அவர்கள், ஒவ்வொரு டிகிரிக்கும் கிப்லா எவ்வளவு என்று அட்டவணையே போட்டு வைத்தார்கள். இக்காலக் கணிப்புப் பொறியோடு ஒப்பிட்டவர்கள் அதன் நுட்பத்தைக் கண்டு வியந்திருக்கிறார்கள்.

அஜிமத் என்பது என்ன? நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து நேர் வடக்கை 0 என்று வையுங்கள். கடிகார முள் சுற்றும் பக்கமாக, அதாவது வலமாக, எண்ணிக்கொண்டு போங்கள். கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270, மீண்டும் வடக்குக்கு வந்தால் 360. முழு வட்டத்தையும் ஒரே எண்ணால் சொல்வதால் இதை முழுவட்டப் பேரிங் என்றும் சொல்வார்கள். இந்தக் கணக்கில் திருச்சியிலிருந்து கிப்லா 291 டிகிரி.

இன்னொரு முறை இருக்கிறது. அதில் வட்டத்தை நான்கு காலாக வெட்டிக்கொண்டு, வடக்கு அல்லது தெற்கிலிருந்து கிழக்குப் பக்கமோ மேற்குப் பக்கமோ எத்தனை டிகிரி என்று சொல்வார்கள். இதில் எண் ஒருபோதும் 90ஐத் தாண்டாது. பழைய சர்வே காம்பஸ் வைத்திருப்பவர்கள் இந்த முறையில்தான் எழுதுவார்கள். திருச்சியின் 291 இந்த முறையில் 'வடக்கு 69 மேற்கு' என்றாகும். 360இலிருந்து 291ஐக் கழித்தால் 69, அவ்வளவுதான் கணக்கு. வடக்கு நோக்கி நின்று, இடப்பக்கமாக மேற்கை நோக்கி 69 டிகிரி திரும்ப வேண்டும் என்று பொருள்.

நம் மக்களுக்குப் பழக்கமான மூன்றாவது முறை மேற்கிலிருந்து எண்ணுவது. 'மேற்கே பார்த்து நின்று 21 டிகிரி வடக்கே திரும்பு' என்பார்கள். 291இலிருந்து 270ஐக் கழித்தால் 21. ஆக 291, வடக்கு 69 மேற்கு, மேற்கிலிருந்து வடக்கே 21 என்ற மூன்றும் ஒன்றே. சீட்டில் வெறுமனே 69 என்றோ 21 என்றோ எழுதிக் கொடுத்தால், எங்கிருந்து எண்ணியது என்று கேட்காமல் நூல் கட்டக் கூடாது. மேற்கிலிருந்து 69 டிகிரி வடக்கே திருப்பிவிட்டால் ஸஃப்பு முழுவதும் ஏறக்குறைய வடக்கைப் பார்த்து நிற்கும்!

மற்றக் கால் வட்டங்களின் கணக்கையும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீட்டார்க்காகச் சொல்லிவிடுகிறோம். 90க்கு உட்பட்ட எண்ணில் மாற்றமே வேண்டாம்: நியூயார்க்கின் கிப்லா 58, அது வடக்கு 58 கிழக்கு. 90க்கும் 180க்கும் இடையில் இருந்தால் 180இலிருந்து கழிக்க வேண்டும்: லண்டனின் 119 என்பது தெற்கு 61 கிழக்கு. 180க்கும் 270க்கும் இடையில் இருந்தால் எண்ணிலிருந்து 180ஐக் கழிக்க வேண்டும்: தாஷ்கண்டின் 240 என்பது தெற்கு 60 மேற்கு. 270க்கு மேல் நம் கணக்கு. அதை மேலே பார்த்தோம்.

மேற்கு என்றால் போதாதா?

'கிப்லா மேற்கே' என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். டில்லியில் இருப்பவருக்கு அந்தச் சொல் பெரும்பாலும் சரி. அங்கே கிப்லா 267 டிகிரி. நேர் மேற்குக்கு மூன்று டிகிரி தெற்கே. ஆனால் தெற்கே வரவர எண் ஏறுகிறது. சென்னையில் 288. நாகூரிலும் திருச்சியிலும் கோவையிலும் 291ஐ ஒட்டி. மதுரையில் 292. காயல்பட்டினத்தில் 293க்கும் 294க்கும் நடுவே. கன்னியாகுமரியில் 294. கொழும்பில் 295. சிங்கப்பூரில் 293. இவை யாவும் உண்மை வடக்கிலிருந்து எண்ணியவை என்பதை மறந்துவிடக் கூடாது. காரணம் பின்னால் வருகிறது.

திருச்சியில் நேர் மேற்கு நோக்கி நின்று, பூமியின் வளைவை ஒட்டி நேர்கோடு இழுத்தால் அது மக்காவின் தீர்க்கரேகையைத் தொடும் இடம் எத்தியோப்பியா நாட்டுக்குள் இருக்கிறது. மக்காவுக்குச் சுமார் 1,400 கிலோமீட்டர் தெற்கே. தூரம் தெரியும்போதுதான் 21 டிகிரி என்பதன் கனம் விளங்குகிறது.

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அடிக்கோல் வைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. உருண்டையைத் தட்டையாக்கிய படம் அது. மாலுமிகளின் படத்தில் திருச்சிக்கும் மக்காவுக்கும் கோடிட்டால் 286 வரும். உண்மையான மிகக் குறுகிய வழியின் திசையோ 291. காம்பஸ் எண்ணை மாற்றாமல் கப்பல் ஓட்ட 286 நல்லது. வழி சற்றே நீளும், அவ்வளவுதான். கிப்லா என்பது கப்பல் வழி அன்று. நின்ற இடத்திலிருந்து கஅபாவை நேராக நோக்கும் நோக்கு. கணித உலமாக்கள் அதற்குக் கொண்டது உருண்டையின் மீதான குறுகிய வழியையே.

கப்பலைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் அவர்களின் காலத்தில் டிகிரி எண் சொல்லிக் கப்பல் ஓட்டவில்லை. வட்டத்தை 32 பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் 'கன்' என்று பெயரிட்டு, அந்தப் பக்கம் உதிக்கும் அல்லது மறையும் நட்சத்திரத்தின் பெயரால் அழைத்தார்கள். ஒரு கன் 11¼ டிகிரி. அதில் மேற்கிலிருந்து வடக்கே இரண்டாவது கன் 'ஸிமாக் மறையும் திசை'. நம் கணக்கில் 292½. ஸிமாக் என்பது நம்மவர் சுவாதி என்று சொல்லும் செம்பொன் நிற நட்சத்திரம். தமிழகம் முழுவதற்கும் இலங்கை முழுவதற்கும் கிப்லா இந்த ஒரே கன்னுக்குள் அடங்கிவிடுகிறது! நட்சத்திரம் நம் ஊர்களில் உண்மையில் மறையும் இடம் 289, 290 அளவில் இருக்கும். கன்னின் பெயர் தோராயமானதே. ஆயினும் மரக்கலத்தில் நின்று தொழுத ஒருவருக்கு இதைவிடக் கைகண்ட அடையாளம் வேறென்ன வேண்டும்?

இரண்டு வடக்குகள்

இனி, சண்டைகளுக்கு மூல காரணமான இடத்துக்கு வருகிறோம். காம்பஸின் முள் உண்மை வடக்கைக் காட்டுவதில்லை. பூமியின் காந்த வடக்கைக் காட்டுகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமைக்குக் காந்த விலக்கம் என்று பெயர். இது ஊருக்கு ஊர் வேறுபடும். ஒரே ஊரில் காலத்துக்குக் காலமும் மாறும். லண்டனில் 1580ஆம் ஆண்டில் முள் உண்மை வடக்குக்கு 11 டிகிரி கிழக்கே நின்றது. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் 24 டிகிரி மேற்கே போய்விட்டது. ஆகவே பாட்டனார் காலத்துக் குறிப்பேட்டில் கண்ட திருத்தத்தை இன்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் பாக்கியம், தமிழகத்தில் இப்போது இது ஒன்றரை, இரண்டு டிகிரி அளவே, மேற்குப் பக்கம். சர்வே ஆப் இந்தியா வெளியிடும் நிலப்படங்களின் ஓரத்தில் அந்தந்த வட்டாரத்தின் விலக்கத்தை அச்சிட்டிருப்பார்கள். படம் எந்த ஆண்டினது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விலக்கம் 2 டிகிரி மேற்கு என்று வைத்துக்கொள்வோம். முள் காட்டும் வடக்கு உண்மை வடக்குக்கு இடப்பக்கம் நிற்கிறது. அங்கிருந்து வலமாக எண்ணத் தொடங்கினால் கிப்லாவை அடைய 2 டிகிரி கூடுதலாக எண்ண வேண்டும். ஆகவே திருச்சியின் உண்மை 291 காம்பஸில் 293. மேற்கு விலக்கமானால் கூட்டு. கிழக்கு விலக்கமானால் கழி. காம்பஸ் எண்ணிலிருந்து உண்மை எண்ணுக்குத் திரும்பும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

இங்கேதான் படித்தவர்களும் இடறுகிறார்கள். கால்வட்ட முறையில் எழுதினால் உண்மை எண் வடக்கு 69 மேற்கு. அதோடு 2ஐக் கூட்டி 71 என்று எழுதினால் தவறு. 293ஐக் கால்வட்டமாக மாற்றிப் பாருங்கள்: 360இலிருந்து 293 போனால் 67. அதாவது முழுவட்டத்தில் கூட்டிய அதே திருத்தம், இந்தக் கால் பாகத்தில் கழித்தலாகிறது. கூட்டியவருக்கும் கழித்தவருக்கும் இடையே 4 டிகிரி சண்டை. இதற்கு நல்ல வழி, எந்த முறையில் எண் வந்தாலும் முதலில் அதை முழுவட்டமாக்கிக்கொண்டு, திருத்தத்தைச் செய்துவிட்டு, பிறகு வேண்டிய முறைக்கு மாற்றுவது.

கருவிகளின் குணத்தையும் தெரிந்திருக்க வேண்டும். முப்பட்டைக் கண்ணாடி வைத்த பிரிஸ்மாட்டிக் காம்பஸில் 0 என்ற எண் தெற்கு முனையில் எழுதப்பட்டிருக்கும். பார்ப்பவர் எதிர்முனையில் கண் வைத்துப் படிப்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகப் படித்தால் முழுவட்ட எண் சரியாகக் கிடைக்கும். தட்டை மேலிருந்து குனிந்து பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். பழைய சர்வே காம்பஸிலோ கிழக்கும் மேற்கும் இடம் மாறி எழுதப்பட்டிருக்கும். பிழையென்று நினைத்துத் திருத்திப் படித்தால் பள்ளியே எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். ஹாஜிகள் கொண்டுவரும் சிறு கிப்லாக் காம்பஸ் சிலவற்றில் வட்டம் 360 ஆக இல்லாமல் 40 பங்காக எண்ணிடப்பட்டிருக்கும். அதன் ஒரு பங்கு 9 டிகிரி. எண்கள் வலமாக ஏறுகின்றனவா இடமாக ஏறுகின்றனவா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும். கைப்பேசியிலும் உண்மை வடக்கா காந்த வடக்கா என்று தேர்ந்துகொள்ளும் இடம் இருக்கிறது. உண்மை வடக்கைக் காட்டும்படி வைத்துவிட்டு மேலும் 2 டிகிரி திருத்துவது இரட்டைத் திருத்தம்.

எல்லாவற்றுக்கும் மேலாக இரும்பு. கான்கிரீட் தூணுக்குள் கம்பி, இரும்பு பீரோ, ஜன்னல் கம்பி, ஒலிபெருக்கியின் காந்தம், கைப்பேசியின் காந்த உறை, வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் ஆகிய ஒவ்வொன்றும் முள்ளை இழுக்கும். பம்பாயில் டிராம் வண்டிகளுக்கு மின்சாரம் வரவிருந்ததால், கொலாபாவில் நடந்துவந்த காந்த அளவீட்டையே 1904இல் அலிபாக்குக்குக் கொண்டுபோனார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்குள், மிஹ்ராபின் பக்கத்தில் நின்று காம்பஸ் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரின் பேச்சை நம்ப வேண்டியதில்லை. வெளியே திறந்த இடத்தில், இரண்டு மூன்று இடங்களில் பார்த்து, எண் ஒத்திருந்தால்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஸஃப்பும் கப்ரும்

திசை கிடைத்துவிட்டது, தரையில் கோடு போடுவது எப்படி? கொத்தனார் நூல் கட்டுவது ஸஃப்பின் கோட்டுக்குத்தான். அது கிப்லாவுக்குச் செங்குத்தானது. 291இலிருந்து 90ஐக் கழித்தால் 201. 90ஐக் கூட்டினால் 381. 360 போக 21. ஆகவே திருச்சியில் ஸஃப்புக் கோடு 21க்கும் 201க்கும் இடையே ஓட வேண்டும். காம்பஸில் 23க்கும் 203க்கும். வடக்குத் தெற்காக நேராகப் போட்டிருந்த கோடு, வடமுனையில் கிழக்கே 21 டிகிரி சாயும் என்று சொன்னால் கொத்தனாருக்கும் புரியும். சரிபார்க்க, எதிர்முனைக்குப் போய்த் திரும்பிப் பார்க்க வேண்டும். கிப்லாப் பக்கம் 293 என்று படித்த கோட்டின் மறுமுனையிலிருந்து இந்தப் பக்கம் பார்த்தால் 180 குறைந்து 113 வர வேண்டும். வராவிட்டால் இரண்டில் ஒரு முனைக்கு அருகில் இரும்பு இருக்கிறது.

மய்யித்தை வலப்பக்கம் சாய்த்துக் கிப்லாவை முன்னோக்க வைக்கிறோமல்லவா? கப்ரின் நீளமும் இதே 21–201 கோடுதான். தலைமாடு வடக்கிலிருந்து சற்றுக் கிழக்கே, கால்மாடு தெற்கிலிருந்து சற்று மேற்கே. புதிதாக மையவாடிக்கு இடம் வாங்கும் ஜமாஅத்தார், முதல் கப்ரு தோண்டுவதற்கு முன்பே வரிசைக் கல் நட்டுவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

சரி, நெடுநாளைய பள்ளிவாசல் ஒன்று தெருவின் போக்குக்கு ஏற்ப நேர் மேற்காகக் கட்டப்பட்டிருக்கிறது. இப்போது கணக்குப் பார்த்தால் 21 டிகிரி வேற்றுமை. என்ன செய்வது? சுவரை இடிக்கக் கிளம்புவதும், 'இத்தனை காலம் தொழுததெல்லாம் வீண்' என்று மிம்பரடியில் நின்று முழங்குவதும் நம் கருத்தில் பெருந்தவறு. முஸ்லிம்கள் நெடுங்காலம் தொழுதுவந்த மிஹ்ராபின் பொதுத்திசையில் மறு ஆராய்ச்சி இல்லை என்றும், வலமிடமாகச் சற்றுத் திரும்புவதில் ஆராயலாம் என்றும் ஷாபிஈ நூல்கள் வகுத்திருப்பது இத்தகைய இடத்துக்குத்தான் வழிகாட்டுகிறது. ஹனபி மத்ஹபுப்படி 21 டிகிரி விலகலில் தொழுகை செல்லும். முந்திய தொழுகைகள் குறித்து அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். இனிவரும் தொழுகைகளுக்குத் தரையில் சாய்வாகக் கோடு போட்டால் போதும். ஓரங்களில் முக்கோண மூலைகள் வீணாகும், கூட்ட நாளில் இரண்டு ஸஃப்பு குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். புதுப்பள்ளி கட்டுகிறவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கடைக்கால் தோண்டும் முன் ஒரு நாள் செலவிட்டால் முடிகிற வேலை இது.

ஒரு டிகிரி, அரை டிகிரிக்காக வழக்காடுவோருக்கும் ஒரு கணக்கு. நம் ஊரிலிருந்து ஒரு டிகிரி தவறினால் மக்காவில் அது சுமார் 70 கிலோமீட்டர். ஜித்தாவுக்கும் மக்காவுக்கும் உள்ள தூரம். பெரிதாகத் தோன்றும். ஆனால் ருகூவிலிருந்து நிமிரும்போது நம் தோள் அசைவதே அதைவிடக் கூடுதல்! மனிதனால் இயன்ற நுட்பம் எவ்வளவோ அவ்வளவுதான் கடமை. 291, 292 என்று இரண்டு கட்சி கட்டிக்கொண்டு ஸலாம் சொல்லாமல் இருப்பதற்கு எந்த மத்ஹபிலும் ஆதாரம் இல்லை.

காம்பஸே வேண்டாத வழி

இவ்வளவு கணக்கும் தலையைச் சுற்றுகிறது என்பவர்களுக்கு அல்லாஹ் ஆண்டுக்கு இரண்டு முறை வானத்திலேயே அடையாளம் காட்டுகிறான். மே 28ஆம் நாளும் ஜூலை 16ஆம் நாளும் மக்காவின் நடுப்பகலில் சூரியன் கஅபாவின் நேர் உச்சிக்கு வருகிறது. லீப் ஆண்டுகளில் இது ஒரு நாள் முந்தி மே 27, ஜூலை 15 ஆகவும் அமையும். அந்தக் கணத்தில் சூரியனைப் பார்ப்பது கஅபாவின் திசையைப் பார்ப்பதாகும். இந்திய நேரப்படி மே மாதம் பிற்பகல் 2 மணி 48 நிமிடம். ஜூலை மாதம் 2 மணி 57 நிமிடம். நம் ஊர்களில் அப்போது சூரியன் மேல்வானில் நன்றாக உயர்ந்தே நிற்கும்.

செய்ய வேண்டியது இது: மட்டமான தரையில் நிழல் விழும்படி தூக்குக் குண்டு கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். ரேடியோ நேரத்தோடு சரிபார்த்த கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த நிமிடத்தில் நூலின் நிழலைக் கரிக்கோடாகக் குறியுங்கள். நிழலின் நுனியிலிருந்து அடியை நோக்கிய திசையே கிப்லா. ஐந்து நிமிடம் முன்பின் ஆனாலும் அரை டிகிரிகூட மாறாது. மேகம் மூடிவிட்டால் மறுநாள் அதே நேரத்தில் பார்க்கலாம். வேற்றுமை மிகச் சிறிது. குறித்த கோட்டின் மீது உங்கள் காம்பஸை வைத்து எண்ணைப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரின் உண்மை எண்ணுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசந்தான் அந்தக் காம்பஸுக்கு நீங்கள் செய்ய வேண்டிய திருத்தம். காந்த விலக்கமும் கருவியின் சொந்தக் குறையும் இரண்டுமே அதில் அடக்கம். அந்த எண்ணைக் காம்பஸின் மூடியில் எழுதி ஒட்டி வைத்தால், அதே ஊருக்குள் வேறு வீடு மாறினாலும் சில ஆண்டுகளுக்கு அது பயன்படும்.

இலங்கையிலும் நேரம் இதுவே. மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் மே மாதம் மாலை 5 மணி 18 நிமிடத்துக்கும், ஜூலையில் 5 மணி 27 நிமிடத்துக்கும் பார்க்க வேண்டும். அங்கே சூரியன் தாழ்ந்து நிழல் நீண்டு விழுவதால் கோடு போடுவது நம்மைவிட அவர்களுக்கு எளிது.